கறவைச் செம்மறி: இரண்டு ஈற்றில் பட்டதும் படித்ததும்

முதல் நாள் கறவையில் எனக்குக் கிடைத்தது 150 மில்லி பால். அதற்கு நாற்பது நிமிடம் ஆனது. முடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது ஆடு பின்னங்காலைத் தூக்கிப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்தது, அந்த 150 மில்லியும் போயிற்று. அந்த ஆட்டின் பெயர் சுட்டி, அதற்கு அது தலைச்சன் ஈற்று. பக்கத்தில் நின்ற, கிழவி என்ற இன்னொரு ஆட்டை அடுத்து நிறுத்திக் கறந்தேன். ஐந்து நிமிடத்தில் 700 மில்லி. அசை போட்டுக்கொண்டே நின்றது, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வாங்கிய நாலு ஆட்டில் மூன்று தலைச்சன் சினை. கிழவி ஒன்றுதான் ஏற்கெனவே மூன்று ஈற்று கண்டது. இளசாக வாங்கினால் பல வருடம் உழைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கறக்கத் தெரியாத ஆளும் கறந்து பழகாத ஆடும் ஒரே நேரத்தில் ஒரே கொட்டிலில் பாடம் படிக்கக் கூடாது என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. இன்று யாராவது கேட்டால், இரண்டாவது மூன்றாவது ஈற்றில் பால் கொடுத்துக்கொண்டிருக்கிற ஆடு இரண்டு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். வாங்குமுன் நீங்களே உட்கார்ந்து கறந்து பாருங்கள். விற்பவர் கறந்து காட்டுவது வேறு, நம் கைக்கு இறங்குவது வேறு. ஒன்றே ஒன்று மட்டும் வாங்காதீர்கள். செம்மறி மந்தைப் பிராணி. தனியாக விட்டால் நாள் முழுக்கக் கத்தும், தீனி இறங்காது, பாலும் இறங்காது.

பசுவையும் வெள்ளாட்டையும் விட்டு ஏன் செம்மறி என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் பாலாடைக்கட்டி செய்வதில் பைத்தியம், அதுதான் நேர்மையான பதில். செம்மறிப் பாலில் திடப்பொருள் மட்டும் 17 முதல் 19 சதவீதம் வரை இருக்கும். பசும்பாலில் 12, 13தான். செம்மறிப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம், புரதம் 5, 6 சதவீதம். பசும்பாலில் ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்குச் சுமார் 10 லிட்டர் வேண்டும். செம்மறியில் ஐந்து ஆறு லிட்டர் போதும். பிரான்சின் ரோக்ஃபோர், இத்தாலியின் பெக்கொரினோ ரொமானோ, ஸ்பெயினின் மான்செகோ எல்லாம் செம்மறிப் பால்தான். ஆனால் வருடம் முழுக்க வீட்டுக்குக் குடிக்கப் பால் வேண்டும் என்பதற்காக மட்டும் யாரும் செம்மறியிடம் வர வேண்டாம். அளவு குறைவு, கறக்கும் காலமும் குறைவு. அதற்கு வெள்ளாடு நல்லது.

இனத்தைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டேன். பாலில் முதலிடம் கிழக்கு ஃப்ரீசியன் என்பார்கள். நல்ல பராமரிப்பில் ஒரு ஈற்றுக்கு 300 முதல் 600 லிட்டர் வரை தரக்கூடியது. ஆனால் செல்லப்பிள்ளை. வெயிலும் புழுக்கமும் ஆகாது, நுரையீரல் நோய் சீக்கிரம் பிடிக்கும். லக்கோன் கொஞ்சம் திடமானது, ரோக்ஃபோருக்குப் பால் கொடுப்பது அதுதான். வறண்ட பூமிக்கு அவாசி. அவாசியையும் கிழக்கு ஃப்ரீசியனையும் கலந்து இஸ்ரேலில் உருவாக்கியது அசாஃப். என்னிடம் இருப்பவை கிழக்கு ஃப்ரீசியன் கலப்பு. இனத்தின் பெயரைவிட மடியைப் பார்ப்பது முக்கியம் என்பேன். நான் வாங்கப் போனபோது கம்பளியையும் உடம்புச் சதையையும் பார்த்து மயங்கினேன். சில செம்மறிகளுக்குக் காம்பு மடியின் அடியில் இல்லாமல் பக்கவாட்டில், மேலே ஏறி இருக்கும். அப்படிப்பட்ட மடியில் பால் காம்புக்குக் கீழே தேங்கி நிற்கும், மடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துத்தான் கறக்க வேண்டும். என் நாலு ஆட்டில் கறுப்பி என்ற ஆட்டுக்கு அப்படித்தான். இரண்டு வருடமாக என் இடது மணிக்கட்டு அந்த மயக்கத்துக்கு விலை கொடுக்கிறது.

மேய்டி விஸ்னா, ஜோனிஸ் நோய், புரூசெல்லா ஆகிய தொற்றுநோய்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்த மந்தையிலிருந்து வாங்குங்கள். தாடைக்குக் கீழும் தோள்பட்டைக்கு முன்னும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே ஆடு இருந்தால் புதிதாக வந்ததை ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள்.

சரி, இனி எனக்கு மிகவும் வலித்த கதை.

நாலு ஆட்டில் ஒன்றின் பெயர் புள்ளி. குட்டிகளைப் பால் மறக்கடிக்கப் பிரித்த மூன்றாம் நாள் காலை அது எழவில்லை. கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. சிறுநீர் கருஞ்சிவப்பு. ஏதோ விஷச்செடி தின்றுவிட்டது என்று நினைத்து மேய்ச்சல் நிலம் முழுக்கத் தேடினேன். கால்நடை மருத்துவர் வந்து கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, செடியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "தாது உப்பு என்ன குடுக்குறீங்க?" என்றார். பையை எடுத்துக் காட்டினேன். மாட்டுக்கான கலவை. ஆடும் மாடும் ஒன்றுதானே என்று வந்த நாள் முதல் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

செம்பு. மாட்டுக் கலவையில் மாட்டுக்குத் தேவையான அளவு செம்பு இருக்கிறது. வெள்ளாடும் அதைத் தாங்கும். செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டே போகும், வெளியேற்றுவது மிகவும் மெதுவாகத்தான். மாதக்கணக்கில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஒரு நாள் பயணமோ, குட்டி பிரிவோ, தீவன மாற்றமோ ஏதோ ஒரு அதிர்ச்சி வரும்போது ஈரல் அந்தச் செம்பை மொத்தமாக ரத்தத்தில் விடும். சிவப்பணுக்கள் உடையும். அதன் பிறகு ஒரு நாள், இரண்டு நாள்தான். "சாகுறது இன்னிக்கு, ஆனா உள்ள போக ஆரம்பிச்சது நாலு மாசம் முன்னாடி" என்று மருத்துவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. புள்ளி மறுநாள் செத்தது. மற்ற மூன்றுக்கும் அவர் மருந்து கொடுத்தார், பிழைத்துக்கொண்டன.

அன்றிலிருந்து பையின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்காமல் எதையும் கொட்டிலுக்குள் கொண்டுபோவதில்லை. "செம்மறிக்கு" என்று தனியாக அச்சிட்ட தாது உப்பு மட்டும்தான். மாடும் கோழியும் சேர்ந்திருக்கும் வீடுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. சிந்திய தீவனத்தைச் செம்மறி போய்த் தின்னும். தீவனத் தொட்டிகளைப் பிரித்து வையுங்கள். பழைய செம்புக் குழாய் வழியாக வரும் தண்ணீரையும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

தீவனத்தில் அடுத்த பாடம் இரண்டாம் வருடம் வந்தது, இந்த முறை கிழவி வழியாக. சினைக்காலம் சுமார் 147 நாள். வயிற்றில் குட்டி வளர்வதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கிறது. அதே சமயத்தில் குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஆட்டுக்கு நிறையத் தின்ன இடமும் இருக்காது. வெறும் உலர்புல்லை மட்டும் போட்டால் இரட்டை, மூன்று குட்டி சுமக்கும் ஆடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும், அதில் நச்சேறிப் படுத்துவிடும். கிழவி ஈனுவதற்குப் பத்து நாள் முன்பு மந்தையை விட்டுத் தள்ளி நின்றது. அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கிழவி தீவனத்தை மறுக்கிறதா என்று பதறிப்போய்ப் பக்கத்தில் போனபோது மூச்சில் நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் வாடை. உடனே மருத்துவரைக் கூப்பிட்டதால் தப்பியது. வாய்வழியாக, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் புரோப்பிலீன் கிளைக்கால், கூடவே கால்சியம் ஊசி. மூன்று குட்டியில் இரண்டு உயிரோடு வந்தன.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், ஈனும் தேதிக்கு ஆறு வாரம் முன்பே அடர்தீவனத்தை ஒரு கைப்பிடியில் தொடங்கி வாரம் வாரம் ஏற்றுகிறேன். திடீரென்று அள்ளிப் போட்டால் இரைப்பையில் அமிலம் ஏறி அது வேறு வம்பு. கம்பளி மூடியிருப்பதால் கண்ணுக்கு எல்லா ஆடும் கொழுத்தே தெரியும். கையை வைத்து இடுப்பு முதுகெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். எலும்பு கூராகக் குத்தினால் இளைத்திருக்கிறது, தேடினாலும் கிடைக்கவில்லை என்றால் கொழுத்திருக்கிறது. லேசாக அழுத்தினால் உருண்டையாகத் தட்டுப்பட வேண்டும். கொழுத்ததும் ஆபத்துதான், நச்சு அதற்கும் ஏறும்.

ஈற்றைப் பற்றி நீட்டி எழுதவில்லை. பெரும்பாலும் நாம் தூங்கும்போது தானே ஈன்றுவிடும். முன்னங்கால் இரண்டும் அவற்றின் மேல் மூக்கும் முதலில் வர வேண்டும். அரை மணி நேரம் முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் உதவி தேவை. தொப்புளில் அயோடின். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் எடைக்குக் கிலோவுக்கு 200 மில்லி அளவில், பல தடவையாக. கூடுதலாகச் சீம்பால் வைத்திருக்கும் ஆட்டிடம் கொஞ்சம் கறந்து உறைய வைத்துக்கொள்ளுங்கள், என்றாவது நடுராத்திரியில் உதவும். வீட்டில் கர்ப்பிணிப் பெண்கள் இருந்தால் ஈற்று வேலையில் கைவைக்க விடாதீர்கள். நஞ்சுக்கொடி வழியாகப் பரவும் சில கிருமிகள் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது.

இனி பால். குட்டிக்கா, எனக்கா என்ற பங்குச்சண்டைதான் இந்தத் தொழிலின் மையம். பெரிய பண்ணைகளில் பிறந்த ஓரிரு நாளிலேயே குட்டியைப் பிரித்துப் புட்டிப்பாலில் வளர்ப்பார்கள். எனக்கு அந்த வேலைக்கு ஆளும் இல்லை, மனதும் இல்லை. முதல் இரண்டு மூன்று வாரம் குட்டியை முழுக்கத் தாயோடு விட்டேன். அதன்பின் மாலையில் குட்டிகளை அடுத்த தடுப்பில் அடைத்து, காலையில் கறந்துவிட்டு, பகல் முழுக்கத் தாயோடு விடுவது. ஒரு வேளை கறவை, புட்டி இல்லை, குட்டி தானாக வளர்கிறது. ஒரு நாள் நம்மால் கறக்க முடியவில்லை என்றால் குட்டியைப் பிரிக்காமல் விட்டால் போதும். சிறிய இடத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னைப் பல வாரம் குழப்பியது. அந்தக் காலைப் பாலில் செய்த பாலாடைக்கட்டி காய்ந்து ரப்பர் மாதிரி வந்தது. அளவும் குறைவு. என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். குட்டிகளை முழுதாகப் பிரித்த வாரமே, அதே பாத்திரம், அதே ரென்னெட் (பாலைக் கட்டியாக உறைய வைக்கும் நொதி), கட்டி வெண்ணெயாக வந்தது. காரணம் தாய்தான். குட்டி ஊட்டும் ஆடு நம் கைக்குப் பாலை முழுதாக இறக்காது. மடியின் கீழ் அறையில் ஏற்கெனவே வந்து நிற்கும் பால் மட்டும் நமக்கு வரும். கொழுப்பில் பெரும்பகுதி மேலே சுரப்பியிலேயே தங்கி, குட்டி முட்டும்போதுதான் இறங்கும். ஆகவே பங்குக் கறவைக் காலத்தில் தயிர் போடுங்கள், கட்டி செய்வதைப் பிரித்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

கறப்பதைப் பற்றி: செம்மறிக் காம்பு சிறியது, முழுக் கையால் பிடித்துப் பீய்ச்ச முடியாது. கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும். இழுக்கவே கூடாது. மேலே அடைத்து, கீழே அமுக்கி விட வேண்டும். முதல் ஓட்டம் நின்றதும் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். மடியைக் குட்டி முட்டுவதுபோல் உள்ளங்கையால் இரண்டு மூன்று தடவை மேலே தள்ளிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் அடுத்த ஓட்டம் வரும். ஆட்டை ஏற்றி நிறுத்த முழங்கால் உயரத்தில் ஒரு பலகை மேடையும், தலையை நுழைத்துப் பூட்ட ஒரு மரச்சட்டமும் செய்தேன். அதற்கு முன் தரையில் குந்தி உட்கார்ந்து கறந்த மூன்று வாரத்தை நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது. தலைச்சன் ஆட்டை ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் மேடையில் ஏற்றித் தீவனம் வைத்து, மடியைத் தொட்டுப் பழக்குங்கள். சுட்டிக்கு அதைச் செய்திருந்தால் அந்த 150 மில்லியாவது மிஞ்சியிருக்கும்.

ஒவ்வொரு கறவையிலும் முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணி மேல் விட்டுப் பார்க்கிறேன். திரியோ கட்டியோ தெரிந்தால் மடிநோய். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குவது. இந்த இரண்டையும் தவறாமல் செய்தும் இரண்டாம் வருடம் சுட்டிக்கு வந்தது. ஆடு பின்னங்காலை நொண்டிக்கொண்டு வந்தது. குளம்பில் கல் ஏறியிருக்கும் என்று பின்னங்காலைத் தூக்கி அரை மணி நேரம் சுரண்டினேன். குளம்பு சுத்தமாக இருந்தது. மடியின் ஒரு பாதி கல்லாகச் சூடேறிக் கிடந்தது. தொடை உரசினால் வலிக்கிறதென்று காலை அகட்டி நடந்திருக்கிறது. அந்தப் பாதி மடி போய்விட்டது, ஆடு பிழைத்தது. பாலாடு பின்னங்காலை நொண்டினால் முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். மருந்து போட்ட பிறகு, சீட்டில் சொல்லியிருக்கும் நாள்கள் முடியும்வரை பாலைக் கீழே ஊற்றத்தான் வேண்டும்.

குடற்புழு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. செம்மறியைக் கொல்வதில் அதற்கு இணை இல்லை. ஹீமாங்கஸ் என்ற ரத்தம் உறிஞ்சும் புழு இரைப்பையில் இருந்துகொண்டு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். ஈன்ற சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி தளர்வதால் அப்போதுதான் பெருகும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றினேன். அது நல்ல பிள்ளை செய்யும் வேலை என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்துக்கு அடங்காத புழு மட்டும் மிஞ்சும். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கீழ் இமையை இறக்கி உள் நிறத்தைப் பார்க்கிறேன். அதற்கு ஃபமாச்சா என்ற வண்ண அட்டை இருக்கிறது, தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மலானின் பெயரிலிருந்து வந்தது. நல்ல சிவப்பு என்றால் விட்டுவிடலாம், வெளிறியிருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

புழுவின் குஞ்சு பெரும்பாலும் புல்லின் அடி ஐந்து சென்டிமீட்டரில்தான் இருக்கும். நான் சிறிய இடத்தைப் பத்துத் தடுப்பாகப் பிரித்து, புல் ஒரு சாணைவிடக் குட்டையாகுமுன் நாலு நாளில் மாற்றிவிடுகிறேன். மொட்டையாக மேய விடுவதைவிட ஒரு நாள் உலர்புல் போட்டுக் கொட்டிலில் வைப்பது மேல்.

துள்ளுமாரி நோய்க்கான (குடலில் கிருமி பெருகி நச்சு சுரக்கும் நோய்) தடுப்பூசியைத் தாய்க்கு ஈனும் நாளுக்கு நாலு வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் சேரும். இதை விட்டுவிடாதீர்கள், நன்றாகக் கொழுத்த குட்டிதான் முதலில் சாகும்.

கிடாவைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த கிடாக்குட்டியை நான் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தேன். மனிதரைக் கண்டு பயப்படாத கிடா வளர்ந்ததும் மனிதரைத்தான் முட்டும். குனிந்து தண்ணீர்த் தொட்டி கழுவும்போது பின்னாலிருந்து வாங்கினேன், தொட்டிக்குள்ளேயே விழுந்தேன். வீட்டில் இன்னும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கறந்த பாலை உடனே வடிகட்டிக் குளிர வைக்கிறேன். குடிக்கவோ தயிருக்கோ என்றால் 63 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தபின்தான். செம்மறிப் பாலில் ஒரு பெரிய சௌகரியம், உறைய வைத்தாலும் கெட்டுப்போகாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆடு கம்மி, பால் கம்மி என்பதால் தினமும் அரை லிட்டர் அரை லிட்டராகப் பையில் ஊற்றி உறைய வைத்துப் பத்து லிட்டர் சேர்ந்ததும் ஒரே நாளில் கட்டி செய்கிறேன். வீட்டு உறைபெட்டியில் ஆறு மாதம் தாண்டவிடாதீர்கள், புரதம் பிரிந்து மணல் மாதிரி ஆகிவிடும். ரென்னெட்டைப் பசும்பாலுக்கு ஊற்றுவதைவிடக் குறைத்து ஊற்றுங்கள், சட்டென்று உறையும். தயிரோ, கரண்டியைக் குத்தி நிறுத்தலாம்.

ஏழாம் மாதம் பால் ஆடு ஒன்றுக்கு 200 மில்லிக்கு இறங்கியதும் வற்ற வைத்தேன். அடர்தீவனத்தை நிறுத்தி, கறவையை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, பிறகு முழுதாக நிறுத்துவது. கறுப்பியும் சுட்டியும் கவலைப்படவில்லை. கிழவி மட்டும் மூன்று நாள் காலையில் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தீவனத்துக்காகத்தான், தெரியும். இருந்தாலும் ஒரு கைப்பிடி வைத்தேன்.

பகல் குறுகத் தொடங்கியிருக்கிறது. செம்மறி பருவத்துக்கு வருவது பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இருக்காது. போன வாரம் கிடாவை உள்ளே விட்டேன். இந்த முறை கிழவியின் இரண்டு மகள்களையும் சேர்த்து ஐந்து. காலண்டரில் 147 நாள் எண்ணி ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து ஆறு வாரம் பின்னால் வந்து சிவப்பில் "தீவனம்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு இரண்டு வாரம் கழித்து "ஊசி". அதே நாளிலிருந்து, மகள்கள் இரண்டுக்கும் மேடை.